ஒவ்வொரு முறையும் 2007

வெனிசுவேலாவின் மேற்கு ஓரம். மரகைபோ நகரம். 2019 ஆகஸ்ட். காலை ஒன்பது மணி.

மேஜைக்கு அடியில் கம்ப்யூட்டர் பெட்டி நிற்கிறது. அதன் பக்கத் தகட்டைக் கழற்றி எத்தனையோ நாளாகிவிட்டது. எதிரே ஒரு மேஜை விசிறி. அறையில் இருப்பவர்கள் பக்கம் அது திரும்புவதில்லை. பெட்டியின் வயிற்றுக்குள்தான் காற்றை ஊதுகிறது.

பையன் பொத்தானை அழுத்துகிறான். உள்ளே ஒரு முனகல். மானிட்டர் முதுகு பெருத்த பழைய வகை. திரை விழிக்கக் கொஞ்ச நேரமாகிறது. கறுப்பில் வெள்ளை எழுத்து தெரிகிறது. தேதி தவறு. சரிசெய்ய எஃப் 1.

எஃப் 1. நீலத் திரை.

1 ஜனவரி 2007.

மதர்போர்டில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது. எப்போதோ செத்துப்போன பேட்டரி. சுவரில் கரன்ட் இருக்கும்வரை கடிகாரம் ஓடும். கரன்ட் போனால் எல்லாம் மறந்துவிடும். மறுபடி எழும்போது, போர்டு செய்யப்பட்ட ஆண்டிலேயே போய் நிற்கும்.

பையன் அம்புக்குறியை ஆண்டின் மேல் கொண்டுபோகிறான். பிளஸ் விசையைத் தட்டுகிறான். 2008. 2009. 2010. கண் ஜன்னல் பக்கம் போகிறது. விரல் தன்பாட்டுக்குத் தட்டுகிறது. பன்னிரண்டாவது தட்டில் நிற்கிறது. திரையில் 2019.

இதைச் செய்யாவிட்டால் விளையாட்டின் வாசல் திறக்காது. அந்தப் பக்கம் இருக்கும் சர்வர் ஒரு சான்றைக் காட்டும். அதற்குக் காலவரம்பு உண்டு. 2007-இல் நிற்கும் இயந்திரம் 2019-இன் சான்றை ஏற்காது.

எஃப் 10. சேமிப்பு. மறுபடி முனகல்.

ஆறு நிமிடம் கழித்து விளையாட்டு திறக்கிறது. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். 2007 ஆகஸ்டில் இருந்த உலகம் அது.

*

ரூன்ஸ்கேப் என்ற மூல விளையாட்டு 2001 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தில் பிறந்தது. ஆண்ட்ரூ கோவர் என்ற மாணவர் எழுதியது. தம்பி பால் கோவரும் கூட இருந்தார். ஜாவா மொழி. பிரவுசருக்குள்ளேயே ஓடியது. சிடி வாங்க வேண்டாம். கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரிலும் நூலகத்துக் கம்ப்யூட்டரிலும் பிள்ளைகள் விளையாடினார்கள்.

பிறகு விளையாட்டு வளர்ந்தது. படங்கள் மெருகேறின. சண்டை முறையே மாறியது. பழையது வேண்டும் என்று பலர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2013 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஜாகெக்ஸ் நிறுவனம் வாக்கெடுப்பு வைத்தது. 4 லட்சத்துக்கும் மேல் வாக்குகள் விழுந்தன. 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்த ஒரு பிரதி கையில் இருந்தது. பிப்ரவரி 22 அன்று அந்தப் பழைய உலகத்தைத் திறந்துவிட்டார்கள்.

கேட்டவர்களில் பலருக்கு 2007 பள்ளிப் பருவம். அந்த வயதை யாராலும் திருப்பித் தர முடியாது. அந்த ஊரையாவது திருப்பித் தந்தார்கள்.

இந்தப் பையனுக்கு 2007-இல் ஏழு வயது. அப்போது இந்த விளையாட்டின் பெயர்கூடத் தெரியாது. திரும்பிப் பார்க்க அவனுக்கு அங்கே ஒன்றும் இல்லை. 2 ஜிபி நினைவகத்தில், உள்ளே இருக்கும் பென்டியத்தில், இது ஓடுகிறது. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

*

விளையாட்டுச் சாளரத்தின் அளவு 765-க்கு 503 புள்ளிகள். அதற்குள் ஒரு கண்டம் இருக்கிறது.

மரம் என்றால் நாலைந்து முக்கோணம். மலை என்றால் மடித்த சாக்கு. மனிதர்களின் கைகளில் விரல்கள் தனித்தனியாக இல்லை.

பையன் அமைப்புகளைத் திறக்கிறான். ‘குறைந்த விவரம்’ என்ற கட்டத்தில் ஒரு டிக். தரையில் இருந்த புல், பூ, கூழாங்கல் எல்லாம் மறைகின்றன. மொட்டைப் பச்சை மட்டும் மிஞ்சுகிறது. நொடிக்கு 50 முறை திரை மாற வேண்டியதில்லை. 20 போதும் என்று ஒரு எண்ணைத் தருகிறான். இசையை மூடுகிறான். ஓசையை மூடுகிறான்.

பெட்டியின் முனகல் ஒரு சுருதி இறங்குகிறது. அவன் காதைச் சாய்த்துக் கேட்கிறான். தலையசைக்கிறான்.

இந்த உலகத்தின் இதயம் 0.6 நொடிக்கு ஒருமுறை துடிக்கும். நடப்பது, வெட்டுவது, தின்பது எல்லாம் அந்தத் துடிப்பில்தான் நடக்கும். இடையில் கிளிக் செய்தால் அடுத்த துடிப்புக்குக் காத்திருக்க வேண்டும். லண்டனில் கண்ணாடி இழையில் விளையாடுபவனும் காத்திருக்கிறான். மரகைபோவில் தொலைபேசியின் செம்புக்கம்பியில் விளையாடுபவனும் காத்திருக்கிறான். கம்பி 0.2 நொடி தாமதித்தாலும் அந்தத் துடிப்புக்குள் அடங்கிவிடும். மெதுவான விளையாட்டு மெதுவான கம்பியைப் பொறுத்துக்கொள்கிறது.

*

எதிர்ச் சுவரோரம் தங்கை. தரையில் பாய். மடியில் கனைமா.

கனைமா என்பது அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த சின்ன மடிக்கணினி. 2009-இல் தொடங்கிய திட்டம். தூக்கிப்போகக் கைப்பிடி உண்டு. உள்ளே லினக்ஸ். அவள் முதல் வகுப்பில் வாங்கியது. இப்போது 15 வயது. கைப்பிடியின் ஓரத்தில் பாதி உரிந்த பூ ஸ்டிக்கர். ‘ஏ’ விசை இல்லை; அந்த இடத்தில் வெறும் ரப்பர் மொட்டு. திரை 1024-க்கு 600. விளையாட்டுச் சாளரம் அதில் அடங்கி, ஓரத்தில் கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது.

ஜாவா இருந்தால் போதும். விண்டோஸா லினக்ஸா என்று விளையாட்டு கேட்பதில்லை.

அவள் கணக்கு இலவசக் கணக்கு. கரம்ஜா தீவின் கரையில் அவளுடைய ஆள் நிற்கிறான். கூண்டு இறக்குகிறான். லாப்ஸ்டர் பிடிக்கிறான். பையில் 28 இடம். ஒன்றில் கூண்டு. ஒன்றில் காசு. மிச்சம் 26.

பிடிபடும் இடம் அவ்வப்போது நகர்ந்துவிடும். ஆள் சும்மா நிற்பான். மறுபடி கிளிக் செய்ய வேண்டும். ஐந்து நிமிடம் யாரும் எதையும் தொடாவிட்டால் விளையாட்டு வெளியே தள்ளிவிடும். அவள் கூந்தலைப் பின்னுகிறாள். ஒரு புரி. ஒரு பார்வை. ஒரு கிளிக். மறுபடி ஒரு புரி.

26 நிறைகிறது. ஆள் படகுத்துறைக்கு ஓடுகிறான். கட்டணம் 30 காசு. அக்கரையில் போர்ட் சாரிம். அங்கே ஒரு வைப்புப் பெட்டி. லாப்ஸ்டர் உள்ளே போகிறது. திரும்பவும் படகு. திரும்பவும் 30 காசு. திரும்பவும் கரை.

பாட்டி காபியோடு வருகிறாள். ஒரே கோப்பை. முதலில் பையன் ஒரு வாய். பிறகு பெண் ஒரு வாய். மிச்சம் பாட்டிக்கு. குடித்துக்கொண்டே கனைமாவின் திரையைப் பார்க்கிறாள்.

மீன் சமைக்க அவள் ஆள் போவது லம்பிரிட்ஜ் கோட்டைக்கு. அந்தச் சமையலறை அடுப்பில் சில உணவுகள் தீய்வது குறைவு. அந்த அடுப்பைத் தொட வேண்டுமானால் முதலில் சமையற்காரருக்கு ஓர் உதவி செய்திருக்க வேண்டும். விளையாட்டுக்குப் புதிதாக வருகிற எவருக்கும் பெரும்பாலும் அதுதான் முதல் வேலை. பிரபுவின் பிறந்தநாள் கேக்குக்குச் சாமான் கொண்டுவந்து தர வேண்டும். ஒரு முட்டை. ஒரு வாளி பால். ஒரு பானை மாவு.

பேத்தி அதைச் செய்த நாளில் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கோழிப் பண்ணையில் முட்டை தரையில் கிடந்தது. எடுத்ததும் கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது. பசு அசையாமல் நின்றது. எத்தனை வாளி வேண்டுமானாலும் கறந்துகொள்ளலாம். கோதுமையை ஆலையின் மேல்மாடியில் கொட்டி நெம்புகோலை இழுத்தால் கீழே மாவு. பாட்டி அன்று மூன்று முறை செய்யச் சொல்லிப் பார்த்தாள்.

*

பையனின் ஆள் எட்ஜ்வில் ஊரின் வங்கியில் நிற்கிறான். ஆறு லாப்ஸ்டர் எடுக்கிறான். கையில் ரூன் வாள். மறு கையில் டிராகன் நெருப்பைத் தடுக்கும் கேடயம். கழுத்தில் தாயத்து. பையில் மிச்சம் 22 இடம்.

ஊருக்கு வடக்கே ஒரு பள்ளம். அதைத் தாண்டினால் வைல்டர்னஸ். அதற்கு இந்தப் பக்கம் யாரும் யாரையும் அடிக்க முடியாது. தாண்டிவிட்டால் யாரும் யாரையும் கொல்லலாம்.

அவன் தாண்டுகிறான்.

பச்சை டிராகன்கள் மேய்வதுபோல் நின்றுகொண்டிருக்கின்றன. காகிதத்தில் மடித்துச் செய்த மாதிரி இறக்கை. உயிர் 75. வாள் 2.4 நொடிக்கு ஒருமுறை வீசுகிறது. அடி விழுந்தால் சிவப்புப் பொட்டு. தவறினால் நீலப் பொட்டு. சிவப்பு. நீலம். நீலம். சிவப்பு. டிராகன் விழுகிறது. ஓர் எலும்பு. ஒரு தோல். இரண்டு கிளிக். இரண்டு இடம் போயிற்று.

அடுத்தது.

பதினோரு டிராகனில் பை நிறையும். தின்ற லாப்ஸ்டர்களின் இடத்தையும் சேர்த்தால் இன்னும் ஒன்றிரண்டு. பிறகு கழுத்துத் தாயத்தைத் தேய்த்தால் எட்ஜ்வில். வங்கி. ஆறு லாப்ஸ்டர். பள்ளம்.

நோட்டில் ஒரு கோடு. ஐந்தாவது முறைக்கு நாலு கோட்டின் மேல் குறுக்குக் கோடு.

அவன் கண் டிராகன் மேல் இல்லை. திரையின் வலது மேல் மூலையில் சின்ன வட்ட வரைபடம் இருக்கிறது. அதில்தான் கண். மஞ்சள் புள்ளி என்றால் மிருகம். சிவப்புப் புள்ளி என்றால் தரையில் கிடக்கும் பொருள். வெள்ளைப் புள்ளி என்றால் மனிதன்.

*

நோட்டு பழைய பள்ளி நோட்டு. முதல் பாதியில் வேதியியல். பின்பாதியில் கணக்கு.

ஒரு பக்கத்தில் தேதிகள். பதினான்கு நாளுக்கு ஒன்று வட்டமிடப்பட்டிருக்கிறது. டிராகன் இருக்கும் உலகத்துக்குள் போக உறுப்பினராக இருக்க வேண்டும். அதற்கு டாலர் கொடுக்கலாம். அல்லது விளையாட்டுத் தங்கத்தைக் கொடுத்து ‘பாண்ட்’ வாங்கலாம். ஒரு பாண்ட் 14 நாள் வரும். வட்டம் போட்ட தேதிக்கு முன் இரண்டு மூன்று நாள் கோடுகள் நெருக்கமாக இருக்கின்றன.

இன்னொரு பக்கத்தில் ஐந்து கணக்குகளின் பெயர். மூன்றின் மேல் கோடு கிழித்திருக்கிறது. விளையாட்டுத் தங்கத்தை உண்மைப் பணத்துக்கு விற்பது விதிப்படி குற்றம். கண்டுபிடித்தால் கணக்கை மூடிவிடுவார்கள். அப்படி மூடப்பட்ட மூன்று. ஒவ்வொன்றும் சில மாத உழைப்பு.

தோலும் எலும்பும் வாரக் என்ற ஊரின் பெரிய சந்தையில் தங்கமாகும். தங்கத்தை வாங்க எங்கோ ஓர் ஆள். அந்த ஆள் கொடுக்கும் டாலரை பொலிவாராக மாற்றித் தர இன்னோர் ஆள். மாற்றியது வங்கிக்கு வந்தவுடன் பாட்டி பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுகிறாள். பணம் ஒரு ராத்திரி தங்கினாலும் இளைத்துப்போகும். 2008-இல் பொலிவாரின் மூன்று பூஜ்யத்தை வெட்டினார்கள். 2018-இல் ஐந்து. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை டாலரில் சொன்னால் ஒற்றை இலக்கம்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கடை விலைகள். சோள மாவு. வெண்ணெய். பாட்டியின் ரத்த அழுத்த மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் எதிரே பணம் எழுதப்படவில்லை. மாவு: 9 கோடு. மாத்திரை அட்டை: 31 கோடு.

*

மதியம் ஒன்றரை. ஏழாவது சுற்று. பையில் எட்டு தோல், எட்டு எலும்பு.

வட்டத்தில் வெள்ளைப் புள்ளி.

பையன் முதுகு நிமிர்கிறது. தாயத்தின் மேல் கிளிக். அந்த 0.6 நொடிக்குள் ஒரு மந்திரம் வந்து விழுந்துவிடுகிறது. இனித் தப்பிக்கும் மந்திரம் எதுவும் வேலை செய்யாது. சில துடிப்பு கழித்து ஆளைச் சுற்றி வேர்கள். கால் நகராது.

வந்தவன் தலைக்கு மேல் மண்டையோடு. அதற்கு மேல் மஞ்சள் எழுத்தில் ஸ்பானிஷில் ஒரு கேள்வி. எந்த ஊர் என்று கேட்கிறான்.

இங்கே டிராகன் வெட்டுவது யார் என்று எல்லோருக்கும் தெரியும். வெனிசுவேலாக்காரர்களைத் தேடி வந்து கொல்பவர்கள் உண்டு. எங்கே தேடுவது, எப்படிக் கொல்வது என்று 2017-இல் ஒருவர் வழிகாட்டியே எழுதிவைத்தார். பையன் பதில் சொல்வதில்லை. பேசினால் ஊர் தெரிந்துவிடும்.

லாப்ஸ்டர். லாப்ஸ்டர். லாப்ஸ்டர். அடி விழுகிற வேகத்துக்கு மீன் ஈடுகொடுக்கவில்லை.

ஆள் விழுகிறான்.

பையன் மவுஸிலிருந்து கையை எடுக்கிறான். உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைக்கிறான். தங்கை தலையைத் தூக்கவில்லை. “எத்தனை?” என்கிறாள்.

“எட்டு.”

நோட்டில் இந்தச் சுற்றுக்குப் போட்ட பென்சில் புள்ளி அழிகிறது.

செத்தவர்கள் எழுந்திருக்கும் இடம் லம்பிரிட்ஜ் கோட்டை முற்றம். விலை கூடிய மூன்று பொருள் மட்டும் கூட வரும். வாள் வந்திருக்கிறது. தாயத்து வந்திருக்கிறது. மார்புக் கவசம் வந்திருக்கிறது. கேடயம் இல்லை.

ஆள் படியேறுகிறான். முதல் மாடியில் பிரபு ஹொராஷியோ உட்காரும் அறை. கேடயம் வேண்டும் என்று கேட்டால் பிரபு புதிதாக ஒன்று தருவார். எத்தனை முறை தொலைத்துவிட்டு வந்தாலும் தருவார். காசு கேட்பதில்லை. எப்படித் தொலைந்தது என்றும் கேட்பதில்லை.

பையன் உலகம் மாறுகிறான். தங்கை இருக்கும் இலவச உலகம். அதே கோட்டை. அதே சமையலறை. அடுப்பு முன்னால் அவள் ஆள் குனிந்து நிமிர்கிறான்.

இரண்டு பேருக்கும் நடுவில் பெட்டிகள் திறக்கின்றன. அவள் பக்கம் 26 சமைத்த லாப்ஸ்டர். அவன் பக்கம் ஒன்றுமில்லை. சம்மதம் என்று இருவரும் அழுத்த வேண்டும். உறுதிதானா என்று விளையாட்டு இன்னொரு முறை கேட்கும். ஏமாற்றுக்காரர்களுக்காக வைத்த இரண்டாவது கேள்வி. இருவரும் மறுபடி அழுத்துகிறார்கள்.

அறையில் இருவரின் முதுகுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர்.

*

மாலை நாலு பத்து.

விசிறி மெதுவாகிறது. மானிட்டரின் படம் நடுவில் ஒரு கோடாகச் சுருங்கி அணைகிறது. பெட்டி நிற்கிறது. அதன் முனகல் அத்தனை நேரம் இருந்ததே இப்போதுதான் தெரிகிறது. தெருவில் எங்கோ ஒரு கிரில் கதவு சாத்தும் சத்தம். ஒரு நாய்.

பையன் ஆள் அந்த நேரம் டிராகன் முன்னால். கம்பி அறுந்தாலும் ஆள் உடனே மறைய மாட்டான். சில நொடி அங்கேயே நிற்பான். பையன் இருண்ட திரையைப் பார்த்தபடி அந்த நொடிகளை உட்கார்ந்து கழிக்கிறான்.

பாட்டி சுவரோரம் போய் ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குகிறாள். திரும்பி வரும்போது மின்சாரம் எகிறும். மார்ச்சில் அப்படி ஒரு மோட்டார் போயிற்று. நாட்டின் கிழக்கே கரோனி ஆற்றில் குரி அணை. 765 கிலோவோல்ட் கம்பிகளில் அங்கிருந்து கிளம்பும் மின்சாரம் நாட்டைக் குறுக்காகக் கடந்து, இறங்கி இறங்கி, கடைசியில் இந்த ஊருக்கு வந்துசேர வேண்டும். மார்ச் 7 மாலை அது நின்றது. நாடே இருண்டது. இங்கே நாள்கணக்கில் இருட்டு. கடைகள் சூறையாடப்பட்டன. ஜூலை 22 அன்று மறுபடி ஒருமுறை. மற்ற நாள்களின் வெட்டுக்குத் தேதி வைத்து யாரும் எழுதுவதில்லை.

கனைமாவில் மட்டும் உயிர் இருக்கிறது. பேட்டரி தாங்குவது இருபது நிமிடம். மோடம் செத்துவிட்டதால் விளையாட்டு முகப்புத் திரைக்குத் திரும்பிவிட்டது. பெயர் கேட்கும் பெட்டி. கடவுச்சொல் கேட்கும் பெட்டி. இரண்டு ஓரத்திலும் இரண்டு தீ எரிகிறது. இணையம் இல்லாமலும் எரிகிற தீ. ஜன்னல் சாத்திய அறையில் அந்த ஆரஞ்சு வெளிச்சம் தங்கையின் தாடையில் ஆடுகிறது.

அவள் மூடுகிறாள்.

*

நாற்காலிகள் வாசலுக்கு வருகின்றன. தெரு முழுக்க நாற்காலிகள். ஆகஸ்ட் வெயில் சிமென்ட்டில் குடித்ததை இப்போது திரும்பத் தருகிறது. அட்டை விசிறிகள் ஆடுகின்றன. யாரும் யாரிடமும் எப்போது வரும் என்று கேட்பதில்லை.

பையன் போனைப் பார்க்கிறான். சிக்னல் கோபுரத்துக்கும் கரன்ட் இல்லை. பையில் வைக்கிறான். எடுத்துப் பார்க்கிறான்.

மாமாவோடு பேசி மூன்று நாளாகிறது. இந்தப் பெட்டி மாமாவுடையது. 2007-இல் ஒரு கணினிக் கடை வைத்திருந்தார். அதில் பத்துப் பெட்டிகள். ஒன்பதை விற்றுவிட்டு, ஒன்றை இங்கே வைத்துவிட்டு, எல்லை தாண்டிப் போனார். 2019 ஜூன் கணக்குப்படி நாட்டை விட்டுப் போனவர்கள் 40 லட்சம் பேர். மாமா பொகோட்டாவில் ஓர் அலுவலகக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிறார். வேலை முடிவது இரவு பத்துக்கு. பேருந்தில் போனைத் திறந்து ரூன்ஸ்கேப்புக்குள் போகிறார். 2018 அக்டோபரிலிருந்து போனிலும் விளையாடலாம். போன் கொஞ்சம் பழசானாலும் முரண்டு பிடிப்பதில்லை.

டிராகன் வெட்ட அவருக்குத் தெம்பில்லை. எட்ஜ்வில் வங்கி வாசலில் சும்மா நிற்பார்.

இருட்டுகிறது. தெற்கே ஏரிக்கு மேல் மின்னல் தொடங்குகிறது. கட்டாட்டும்போ ஆறு ஏரியில் கலக்கும் இடத்தில் ஆண்டின் பல இரவுகள் இப்படித்தான் மின்னும். சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு 233 மின்னல் என்று 2016-இல் நாசா கணக்குச் சொன்னது. உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு இல்லை. தூரம் அதிகம். இடிச்சத்தம் கேட்பதில்லை. ஒளி மட்டும் கூரைகளின் விளிம்பைக் காட்டிவிட்டுப் போகிறது. தண்ணீர்த் தொட்டி. ஆண்டெனா. பாட்டியின் கை. பிறகு இருட்டு.

தங்கை பாட்டியின் மடியில் தலை வைத்திருக்கிறாள். பாட்டி அவள் பின்னலை அவிழ்க்கிறாள். பின்னுகிறாள்.

*

பதினொன்று நாற்பது.

முதலில் தெருக்கோடியில் ஒரு குரல். பிறகு இரண்டு. பிறகு தெருவே கத்துகிறது. வந்துடுச்சு! யாரோ பாத்திரத்தைத் தட்டுகிறார்கள். எல்லா வாசலிலும் நாற்காலி இழுபடுகிறது.

பாட்டி பின்கட்டுக்கு ஓடுகிறாள். கரன்ட் இருக்கும்போதுதான் மோட்டார். மோட்டார் ஓடும்போதுதான் தண்ணீர். குடம், வாளி, பாட்டில், சமையல் பாத்திரம் எல்லாம் வரிசைக்கு வருகின்றன.

பையன் உடனே பிளக்கைச் சொருகவில்லை. ஸ்டெபிலைசரின் சிவப்பு விளக்கு பச்சையாக வேண்டும். பார்த்துக்கொண்டே நிற்கிறான். மோடத்தில் முதல் விளக்கு. இரண்டாவது விளக்கு சிமிட்டுகிறது. சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. நிலைக்கிறது.

பச்சை. பொத்தானை அழுத்துகிறான்.

மூன்று பீப். திரை வரவில்லை.

அவன் மண்டியிடுகிறான். பிளக்கைப் பிடுங்குகிறான். பெட்டிக்குள் கை விட்டு நினைவகப் பட்டையின் இரண்டு காதுகளையும் விலக்குகிறான். பட்டை வெளியே வருகிறது. தங்கை டார்ச் பிடிக்கிறாள். பட்டையின் ஓரத்தில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள். பள்ளி அழிப்பானால் தேய்க்கிறான். ஒரே திசையில், மெதுவாக. மறுபக்கமும். துகளை வாயால் ஊதப் போகிறான். நிறுத்திக்கொள்கிறான். வாய் ஈரம் ஆகாது. சட்டை ஓரத்தால் துடைக்கிறான். சொருகுகிறான். இரண்டு காதும் டக், டக்கென்று மூடுகின்றன.

பொத்தான். ஒரு பீப்.

தேதி தவறு. எஃப் 1. நீலத் திரை. 1 ஜனவரி 2007.

பிளஸ். பிளஸ். பிளஸ். தங்கை டார்ச்சை அணைக்கிறாள். பிளஸ். பின்கட்டில் முதல் குடம் நிரம்பி அடுத்த குடத்துக்குக் குழாய் மாறுகிறது. பிளஸ். பிளஸ். விரல் பன்னிரண்டில் நிற்கிறது.

எஃப் 10.

ஆள் வைல்டர்னஸில் இல்லை. லம்பிரிட்ஜ் முற்றத்தில் நிற்கிறான். பையில் வாள். தாயத்து. கவசம். அந்தச் சில நொடியில் டிராகனோ மனிதனோ யாரோ வேலையை முடித்திருக்கிறார்கள்.

பையன் நண்பர் பட்டியலைத் திறக்கிறான். ஒன்பது பெயர். எட்டு சிவப்பு. ஒன்று மஞ்சள். வேறோர் உலகத்தில் விழித்திருக்கிறார்.

மணி பன்னிரண்டேகால். பேருந்து எப்போதோ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

உரையாடல் பெட்டியில் இளநீல எழுத்தில் ஒரு வரி வருகிறது.

கரன்ட் இருக்கா?

பையன் இரண்டு எழுத்துத் தட்டுகிறான். ஆம் என்பதற்கு ஸ்பானிஷில் இரண்டு எழுத்து.

பதில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மஞ்சள் சிவப்பாகிறது.

தங்கையின் கனைமா எழுந்துவிட்டது. ஆரஞ்சுத் தீ இரண்டும் எரிகின்றன. அவள் கடவுச்சொல் அடிக்கிறாள். ரப்பர் மொட்டை விரல் நுனியால் அழுத்திக் கண்டுபிடிக்கிறாள். கரம்ஜா. கரை. கூண்டு.

“மிஹோ, படுக்கலையா?” பின்கட்டிலிருந்து பாட்டி.

ஆள் படியேறிக்கொண்டிருக்கிறான். முதல் மாடி. பிரபு ஹொராஷியோ. கேடயம் வேண்டும்.

பிரபு தருகிறார்.